பெயர் பொறித்த சவப்பெட்டியும் அஸ்திக் கலசமும்: அமெரிக்காவில் வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில் வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், மறுநாளே ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கும் நிறுவனம்) உட்கார்ந்து பெட்டி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மரமா இரும்பா, என்ன நிறம், அம்மாவுக்குப் பிடித்த பூவை மூடியில் போடலாமா என்று கேள்விகள் வரும். அழுது வீங்கிய முகத்தோடு இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் துக்க வீட்டுக்கு உதவப் போகிறவர்களில் நானும் ஒருவன். பெரும்பாலான குழப்பம் ரசனையில் வருவதில்லை. முடிவுகளை எடுக்கும் வரிசை தப்புவதால் வருகிறது.

இந்தியாவிலோ இலங்கையிலோ நடைமுறை வேறு. கீழே உள்ளது அமெரிக்காவுக்கு மட்டும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

இறந்தவரின் உயரமும் எடையும் (தோராயமாகப் போதும்), பெயரின் சரியான எழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும், பிறந்த தேதி, நல்ல தெளிவான ஒரு புகைப்படம். அப்புறம், குடும்பத்தில் செலவை முடிவு செய்யும் ஒரே ஒரு ஆள். மூன்று பிள்ளைகள் மூன்று ஊரிலிருந்து போனில் பேசி முடிவெடுத்தால் பெட்டியின் விலை ஏறிக்கொண்டே போகும். அண்ணன் சொன்ன பெட்டியைவிட மலிவாக ஒன்றைச் சொல்லத் தம்பிக்கு மனம் வராது.

1. முதலில் எரிப்பதா, புதைப்பதா

இது தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். ஆனாலும் இதைச் சொல்லாமல் பெட்டிகள் இருக்கும் அறைக்குள் போனால், எரியூட்டலுக்கு உதவாத பெட்டிகளுக்கு முன்னால் நிற்பீர்கள். பெரும்பாலான தகனக் கூடங்கள் இரும்புப் பெட்டியை ஏற்பதில்லை. மரம், அழுத்திய அட்டை, கெட்டி அட்டைப்பெட்டி ஆகியவையே உலைக்குள் போகும்.

எரியூட்டுவது என்றால் அடுத்த கேள்வி, உடலைப் பார்வைக்கு வைக்கப் போகிறீர்களா என்பது. வைக்கப் போவதில்லை என்றால் சவப்பெட்டியே தேவையில்லை. நேரடித் தகனத்துக்குச் சவப்பெட்டி கட்டாயம் என்று எந்த ஃபியூனரல் ஹோமும் சொல்லக் கூடாது. எளிய மாற்றுப் பெட்டி ஒன்றை அவர்கள் தந்தாக வேண்டும். அமெரிக்க ஃபியூனரல் டைரக்டர்கள் சங்கத்தின் 2021 கணக்கில் அதன் இடைநிலை விலை (பாதி இடங்களில் இதைவிடக் குறைவு, பாதியில் அதிகம்) 150 டாலர்தான்.

பார்வைக்கு வைத்து, பிறகு எரியூட்டுவது என்றால் வாடகைப் பெட்டி கேளுங்கள். வெளிக்கூடு நல்ல மரத்தில் இருக்கும். உள்ளே உடலைத் தாங்கும் தனி அட்டைப் பெட்டி. அது மட்டும் உலைக்குப் போகும். அதே கணக்கில் வாடகை 995 டாலர், எரியூட்டவென்றே செய்த மரப்பெட்டியின் விலை 1,310 டாலர். நம் குடும்பங்களில் நடக்கும் சடங்குக்கு வாடகைப் பெட்டியே போதும் என்பது என் கருத்து. இரவல் பெட்டியா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், உடலைத் தொடும் உட்பெட்டியும் துணியும் புதிதுதான் என்று விளக்குங்கள்.

புதைப்பது என்றால் பெட்டியைத் தொடுமுன் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு போன் போடுங்கள். பல இடங்களில் பெட்டியைச் சுற்றிக் கான்கிரீட் கூடு வைத்தே ஆக வேண்டும், அது தனிச் செலவு. வழக்கத்தைவிட அகலமான பெட்டி அந்தக் கூட்டுக்குள் அடங்காமல் போகலாம். இயற்கை முறைக் கல்லறைத் தோட்டம் என்றால் இரும்பும் வார்னிஷும் ஆகாது.

2. பெட்டிக்குத்தான் அவசரம், கலசத்துக்கு இல்லை

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. பெட்டியையும் கலசத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிடப் பார்ப்பார்கள்.

பெட்டிக்குக் கெடு உண்டு. கலசத்துக்கு இல்லை. தகனம் முடிந்ததும் அஸ்தி ஒரு பிளாஸ்டிக் பையில், அடையாள உலோகத் தகட்டோடு, சாதாரணப் பிளாஸ்டிக் அல்லது அட்டைப் பெட்டியில் உங்கள் கைக்கு வரும். அதில் எத்தனை மாதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. அதனால் முதல் நாள் சந்திப்பில் கலசத்துக்கு, "இப்போதைக்குத் தற்காலிகப் பெட்டி போதும், பிறகு பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பல நூறு டாலர்களை மிச்சப்படுத்தும்.

பெட்டியிலும் கெடுவை ஒட்டியே அலங்காரத்தைத் தேர்ந்தெடுங்கள். இருப்பில் உள்ள பெட்டியின் துணியில் பெயர் தைப்பது ஓரிரு நாள் வேலை. பெட்டி முழுக்கப் படம் ஒட்டுவது, தனி வண்ணம் அடிப்பது எல்லாம் நாள் பிடிக்கும். அதுவரை உடலைக் குளிரறையில் வைக்கப் பல இடங்களில் நாள் கணக்கில் கட்டணம். பெட்டியின் விலையைக் கேட்கும்போதே, எத்தனை நாளாகும், குளிரறைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

3. பட்டியலைப் படித்த பிறகே பெட்டியைப் பாருங்கள்

1984 முதல் நடைமுறையில் இருக்கும் ஃபியூனரல் ரூல் என்ற கூட்டரசு விதி உங்கள் பக்கம் இருக்கிறது. போனில் விலை கேட்டால் சொல்ல வேண்டும். நேரில் போனால் பொது விலைப்பட்டியலை உங்கள் கையில் தர வேண்டும். பெட்டிகளைக் காட்டுமுன் பெட்டி விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. முதலில் காட்டப்படும் மூன்று பெட்டிகளில் ஒன்றையே, அதிலும் பெரும்பாலும் நடுவிலை உள்ளதையே மக்கள் எடுக்கிறார்கள் என்று விதியை நடத்தும் ஃபெடரல் டிரேட் கமிஷனே எச்சரிக்கிறது. அப்படியென்றால் எந்த மூன்றைக் காட்டுவது என்பதை விற்பவர் தீர்மானித்தால் போதும், உங்கள் செலவு தீர்மானமாகிவிடும். மலிவானது அறையில் இல்லாமலே இருக்கலாம். பட்டியலில் அதன் பெயரை விரலால் தொட்டு, "இதைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் படத்தையே பாருங்கள்.

தொகுப்பு விலை சொல்வார்கள். அதை ஒதுக்க வேண்டாம், ஆனால் தனித்தனி விலையையும் எழுதி வாங்குங்கள். தொகுப்புத் தள்ளுபடி அவர்கள் பெட்டியை எடுத்தால்தான் என்ற நிபந்தனை சில இடங்களில் இருக்கும். அப்போது பெட்டிக்குப் பெட்டி ஒப்பிடுவது தப்புக் கணக்கு. மொத்தத்துக்கு மொத்தம் ஒப்பிடுங்கள்.

4. பெட்டியின் விலை எங்கே ஏறுகிறது

இரும்புப் பெட்டியில் கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமனாகும். 20 கேஜ் மெல்லியது, 18 நடுத்தரம், 16 தடிமன். அதற்கு மேலே துருவேறா எஃகு, செம்பு, வெண்கலம். மரத்தில் பைன், பாப்லர் மலிவு. ஓக் நடுவில் வரும். செர்ரி, வால்நட், மஹோகனி மேலே. உள்ளே கிரேப் துணி என்றால் குறைவு, வெல்வெட் என்றால் அதிகம்.

மேலே சொன்ன ஃபியூனரல் டைரக்டர்கள் சங்கத்தின் 2021 கணக்கில் இரும்புப் பெட்டியின் இடைநிலை விலை 2,500 டாலர். மஹோகனி, வெண்கலம், செம்பு என்று போனால் 10,000 டாலரைத் தொடும். 2023-இல் பார்வைக்கு வைத்துப் புதைக்கும் சடங்கு முழுவதற்குமே இடைநிலைச் செலவு 8,300 டாலர், எரியூட்டினால் 6,280 டாலர். இவை கல்லறை நிலத்தைச் சேர்க்காத கணக்கு. ஆக, பெட்டி ஒன்றே மொத்தச் செலவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிட முடியும்.

ரப்பர் சீல் வைத்த பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்பார்கள். நீரும் மண்ணும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். உடலைக் கெடாமல் காக்கும் என்று சொல்லி விற்பது விதிக்கு விரோதம். யாராவது அப்படிச் சொன்னால், மற்ற பேச்சையும் சந்தேகத்தோடே கேளுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலான பெட்டிகளுக்கு மூடி இரண்டு துண்டு. மேல்பாதியை மட்டும் திறந்து வைப்பார்கள். முகம் தெரியும், கால் தெரியாது. காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும், வாய்க்கரிசி போட்டுச் சுற்றிவர வேண்டும் என்றால் கீழ்மூடியையும் திறக்கலாமா, அந்தப் பக்கம் உள்ளே துணி போர்த்தியிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல பெட்டிகளில் கால்மாடு யாரும் பார்க்கப் போவதில்லை என்று வெறுமையாக விடப்பட்டிருக்கும். முழுமூடி ஒன்றாகத் திறக்கும் பெட்டியும் உண்டு. சொல்லி வைத்தால் வரவழைப்பார்கள். விளக்கும் கற்பூரமும் அனுமதியா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

5. அலங்காரத்தை எந்தப் பாகத்தில் வைப்பது

செலவு செய்ய மனம் வருவது ஏன் என்பது புரிகிறது. எல்லாம் கைவிட்டுப் போன நேரத்தில், அவருக்காக இன்னும் ஏதோ ஒன்றைச் செய்ய முடிகிறது என்ற நிலை. 2022-இல் யுவால்டி பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த குழந்தைகளுக்கு டெக்சஸைச் சேர்ந்த ட்ரே கேனம் என்பவர் பெட்டிகள் செய்து இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன பிடிக்கும் என்று குடும்பத்தாரிடம் கேட்டு, அதை வைத்துப் பெட்டியை வடிவமைத்தார். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கடைப் பட்டியலைப் புரட்டுமுன் வீட்டுக்குள் பேசுங்கள்: அப்பாவைப் பற்றி நினைத்தால் முதலில் எது கண்ணில் வருகிறது? பட்டியலிலிருந்து தொடங்கினால் பறக்கும் புறாவும் மறையும் சூரியனும்தான் கிடைக்கும்.

என் வாதம் இதுதான்: எரியப் போகும், புதையப் போகும் பாகத்தில் பணத்தைப் போடாதீர்கள். கழற்றி எடுத்து வைக்கக்கூடிய பாகத்தில் போடுங்கள்.

மூடியின் உட்புறத்தில், முகத்துக்கு நேர் மேலே ஒரு துணிப்பலகை இருக்கும். கேப் பேனல் என்பார்கள். வரிசையில் வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் படுவது அதுதான். அதில் பெயரைத் தைக்கலாம், படம் அச்சிடலாம். பெரும்பாலும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்ய வேண்டும். சில பெட்டிகளின் நான்கு மூலைகளிலும் மாற்றக்கூடிய சிறு அலங்காரத் துண்டுகள் உண்டு, அவற்றையும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். கடிதமோ சிறு பொருளோ வைக்க ஒரு குட்டி டிராயர் உள்ள பெட்டிகளும் இருக்கின்றன.

இதைவிட மலிவான வழி அம்மாவின் பட்டுப்புடவைதான். கிரேப் துணிக்கு மேல் புடவையை மடித்து விரித்தால், எந்த வெல்வெட்டும் அதன் பக்கத்தில் நிற்காது.

பெட்டி முழுக்கப் படம் ஒட்டும் வினைல் (பிளாஸ்டிக் தாள்) வேலை பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் ஆயிரங்களில் போகும். எரியூட்டல் என்றால் வினைலை ஏற்பார்களா என்று தகனக் கூடத்தில் கேட்காமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம். செல்போன், பேட்டரி, மூடிய பாட்டில் எதையும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது, வெடிக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள், அதை எடுத்துவிட்டுத்தான் எரியூட்ட வேண்டும்.

6. வெளியில் வாங்குவது

பெட்டியையோ கலசத்தையோ வேறு கடையில் வாங்கிக் கொண்டுவரலாம். ஃபியூனரல் ஹோம் மறுக்கக் கூடாது, அதற்காகத் தனிக் கட்டணம் போடக் கூடாது, பெட்டி வந்து இறங்கும்போது நீங்கள் நேரில் இருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தக் கூடாது. காஸ்ட்கோ, வால்மார்ட் இணையத்தில்கூடப் பெட்டிகள் விற்றிருக்கின்றன. வேலைப்பாடு இல்லாத நல்ல மரம் வேண்டுமென்றால் ஐயோவா மாநிலத்தில் நியூ மெல்லரே என்ற கத்தோலிக்க மடத்தின் துறவிகள் செய்யும் பெட்டிகளைப் பாருங்கள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அது மனதுக்கு நெருக்கமாகவும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஃபியூனரல் ரூல் இந்த வெளிக் கடைகளைக் கட்டுப்படுத்தாது. பட்டியல் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. எனவே மொத்த விலை, அனுப்பும் செலவு, எந்தத் தேதிக்குள் வந்து சேரும், நசுங்கி வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பெட்டி வந்ததும் ரசீதில் கையெழுத்துப் போடுமுன் பொதியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி, நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பும்படி ஃபியூனரல் ஹோமில் கேளுங்கள். சடங்கு நாள் காலையில் மூடியில் பள்ளத்தைப் பார்த்தால் அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

7. தமிழில் பெயர் பொறிக்கும்போது

பணம் கொடுத்தும் ஏமாற்றம் மிஞ்சுவது பெரும்பாலும் இங்கேதான். பொறிப்பவருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் மின்னஞ்சலில் தட்டி அனுப்பியதை அவர் தன் மென்பொருளில் ஒட்டுவார். பழைய மென்பொருளில் 'கோ' என்ற எழுத்தின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று சிதறும். அவர் கண்ணுக்கு அதுவும் தமிழ்தான். 'கோமதி' என்ற பெயர் வாசிக்க முடியாத ஏதோ ஒன்றாகப் பித்தளையில் நிரந்தரமாகிவிடும்.

எழுத்தாக அனுப்பாதீர்கள். கணினி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, எழுத்துருவைக் கோட்டு வடிவமாக மாற்றிய பிடிஎஃப் அல்லது எஸ்விஜி கோப்பாக அனுப்புங்கள். அப்படிச் செய்தால் அது அவர்களுக்கு வெறும் படம், சிதற வழியில்லை. அது முடியாதென்றால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் பெரிதாக எழுதி, நேராக ஸ்கேன் செய்யுங்கள். தாத்தாவின் கையெழுத்தே பழைய கடிதத்தில் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

தையலில் சின்ன எழுத்து வேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளி நூலுக்குள் காணாமல் போகும். 'ர'வும் கால் குறியும் பிரித்தறிய முடியாமல் போகும். தடித்த, வளைவு குறைந்த எழுத்துரு போதும்.

தேதியை எண்ணில் போட வேண்டாம். 5/8 என்றால் இங்குள்ளவருக்கு மே 8, நமக்கு ஆகஸ்ட் 5. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள். வேலை தொடங்குமுன் மாதிரிப் படம் கேட்டு வாங்கி, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர், முடிந்தால் துக்கத்தில் இல்லாத ஒருவரும், எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் பிழைக்குக் கடைக்காரர் பொறுப்பேற்க மாட்டார்.

8. கலசம்: முதலில் போகுமிடம், பிறகு அளவு, கடைசியில் அழகு

அஸ்தியை ஆற்றிலோ கடலிலோ கரைக்கப் போகிறீர்களா, கல்லறைத் தோட்டத்தில் அஸ்தி வைக்கவென்றே இருக்கும் சுவர் மாடத்தில் வைக்கப் போகிறீர்களா, வீட்டிலா? முழுவதும் கரைக்கப் போவதென்றால் செதுக்கிய உலோகக் கலசம் அன்றோடு காலிப் பாத்திரம். பெட்டியில் சொன்னதைப் போலவே, இங்கேயும் மிஞ்சப் போவதில் மட்டும் செலவிடுங்கள்.

அளவுக்கு எளிய கணக்கு உண்டு: உடல் எடையில் ஒரு பவுண்டுக்கு ஒரு கன அங்குலம். 170 பவுண்ட் என்றால் குறைந்தது 170 கன அங்குலம். பெரியவர்களுக்கான வழக்கமான கலசம் 200 கன அங்குலம், பெரும்பாலோருக்குப் போதும். அழகைப் பார்த்து வாங்கிய கைவினைக் கலசம் 120 கன அங்குலமாக இருந்து, மீதி அஸ்தி பிளாஸ்டிக் பையில் கிடந்து சங்கடப்பட்டவர்கள் இருக்கிறார்கள். வாய் அகலத்தையும் கேளுங்கள். பை உள்ளே இறங்க வேண்டும்.

மாடம் என்றால் மாடத்தின் உள் அளவை அங்குலத்தில் எழுதி வாங்கிய பிறகே கலசம். தம்பதிக்கு ஒரே மாடம் என்று திட்டமிருந்தால் இரண்டு கலசமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமா என்று இப்போதே அளந்துவிடுங்கள்.

கலசத்தின் இடைநிலை விலை 2021 கணக்கில் 295 டாலர். எளிய மரக் கலசம் இணையத்தில் 100 டாலருக்குள் கிடைக்கும். ஊதிய கண்ணாடி, கையால் வனைந்த பீங்கான் என்றால் பல நூறு டாலர். பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ள மூன்று, நான்கு கன அங்குலத்தில் சிறு கலசங்கள் விற்கிறார்கள். வாங்குமுன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அஸ்தியை வீட்டில் வைக்கக் கூடாது என்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆர்டர் கொடுத்த பிறகு அந்தச் சண்டை வர வேண்டாம்.

9. அஸ்தியோடு பயணம்

ராமேஸ்வரமோ, பவானி கூடுதுறையோ, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபமோ போகிறீர்கள் என்றால் விமான நிலையம்தான் கலசத்தைத் தீர்மானிக்கும். அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் கலசம் எக்ஸ்ரே வழியாகப் போக வேண்டும். உள்ளிருப்பது தெரியவில்லை என்றால் அனுமதி இல்லை. நீங்களே திறந்து காட்டச் சொன்னாலும் அதிகாரிகள் திறக்க மாட்டார்கள். பித்தளைச் செம்பும் கனத்த உலோகக் கலசமும் மாட்டிக்கொள்வது இங்கேதான். மரம் அல்லது பிளாஸ்டிக்கில் எடுத்துப் போங்கள். தகனக் கூடம் கொடுத்த தற்காலிகப் பெட்டியே போதும், மஞ்சள் துணியில் சுற்றிக்கொள்ளலாம். மண் கலயத்தை அங்கே போய் வாங்குங்கள்.

கைப்பையில் வையுங்கள். சில விமான நிறுவனங்கள் செக்-இன் பெட்டியில் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் பெட்டி தொலைந்தால் யாரிடம் போய் நிற்பது? இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ் இரண்டின் சான்றளித்த பிரதிகள் கூடவே இருக்கட்டும். இந்தியத் தூதரகம் வேறென்ன ஆவணம் கேட்கிறது என்று டிக்கெட் போடுமுன் விசாரியுங்கள்.

அமெரிக்காவுக்குள் உறவினருக்கு அனுப்புவதென்றால் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் அஸ்தியை ஏற்பதில்லை. அஞ்சல் துறையின் பிரையாரிட்டி மெயில் எக்ஸ்பிரஸ் மட்டுமே வழி. 2025 மார்ச் 1 முதல் அஞ்சல் துறையே தரும் தனி அஸ்திப் பெட்டியில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். கலசம் அந்தப் பெட்டிக்குள் அடங்குமா என்று வாங்குமுன் பாருங்கள்.

இங்கேயே கடலில் கரைப்பதானால் கரையிலிருந்து குறைந்தது மூன்று கடல் மைல் உள்ளே போக வேண்டும். கரைத்த முப்பது நாளுக்குள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். பூ, மாலை போடலாம், ஆனால் நாரில் கட்டியதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பூவும் ஜிகினாவும் கூடாது. ஆறு, ஏரி என்றால் அந்தந்த மாநிலத்தின் விதியைப் பார்க்க வேண்டும். படகு ஏற்பாடு செய்யுமுன் அந்த மாநில அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.